தாத்தா பிறந்த சத்திரம்

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சேதுக்கரையில் கூடும் கூட்டத்தை நம் பக்கத்து வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. விடியற்காலையில் வேன்கள் வந்து நிற்கும். கடலில் குளியல், தர்ப்பணம், திருப்புல்லாணி பெருமாள், அங்கே பாயசம், அப்படியே தேவிபட்டினம் நவபாஷாணம், மத்தியானத்துக்கு மேல் ராமேசுவரம். இரவு பத்து மணிக்குள் மதுரைக்காரர்கள் மதுரை போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

இதே யாத்திரைக்கு என் கொள்ளுப்பாட்டிக்குப் பதினொரு மாதம் ஆயிற்று. காரைக்காலிலிருந்து தை மாதம் நடந்து புறப்பட்டவள், மார்கழியில்தான் வீடு திரும்பினாள். போகும்போது இரண்டு பேர். வரும்போதும் இரண்டு பேர்தான். ஆனால் அவளோடு போனவர் வேறு, அவளோடு வந்தவர் வேறு.

போனவர் என் கொள்ளுத்தாத்தா. பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்காமல் போனதால், சேதுவில் முழுகி, திருப்புல்லாணியில் ஒரு மண்டலம் தங்கிப் பெருமாளைச் சேவிப்பதாக இருவரும் வேண்டிக்கொண்டு கிளம்பினார்கள். வேண்டுதல் முடிந்து திரும்பும் வழியில், சித்திரை வெயிலில், அவருக்கு வாந்திபேதி கண்டது. இரண்டே நாள். எந்த ஊரில் என்பதுகூட வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கொள்ளுப்பாட்டி அப்போது முழுகாமல் இருந்தாள். துணைக்கு வந்த கூட்டம் எத்தனை நாள் காத்திருக்கும்? அவர்கள் போய்விட்டார்கள். அவள் வழியில் ஒரு சத்திரத்தில் தங்கிவிட்டாள். புரட்டாசியில் அங்கேயே ஆண் குழந்தை பிறந்தது. மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வேறொரு யாத்திரைக் கூட்டத்தோடு நடந்து ஊர் வந்து சேர்ந்தாள். அந்தக் குழந்தைதான் என் தாத்தா. அவர் பெயரில் 'சேது' சேர்ந்தது அதனால்தான். வருஷம் 1888.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். எங்கள் வகுப்பில் காவிரிக்கு முன்னால் லுவார் நதியைத்தான் படித்தோம். அந்தப் படிப்பு வாழ்க்கையில் எங்கே உதவியது என்று கேட்டால், ஒரு சம்பவம் உடனே ஞாபகம் வரும். 1966-இல் ஒரு நாள் தாத்தா தகரப் பெட்டியிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அது 'ஆக்த் தெ நொத்தொரியேத்தே'. அதாவது, பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்குச் சாட்சிகளை விசாரித்து நீதிபதி எழுதிக்கொடுக்கும் பத்திரம். தாத்தாவின் கல்யாணத்தின்போது வாங்கியது. அறுபது வருஷமாக அதை வைத்திருந்தார்; பிரெஞ்சு தெரியாததால் படித்ததில்லை. வீட்டில் பிரெஞ்சு படித்த முதல் ஆள் நான்தான்.

"நான் பொறந்த ஊரு என்னன்னு போட்டிருக்கான், பாரு தம்பி" என்றார்.

பார்த்தேன். பிறந்த இடம் என்ற பகுதியில், ஆங்கிலேயர் பகுதியில், ராமேசுவரம் போகும் சாலையில், ஒரு தர்ம விடுதியில் என்று மட்டும் இருந்தது. ஊர்ப் பெயர் இல்லை. நான் இரண்டு தடவை படித்துச் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுக் காகிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். மூன்று வருஷம் கழித்துக் காலமானார். அதற்குப் பிறகு படிப்பு, வேலை, கல்யாணம் என்று நானும் அதை மறந்துவிட்டேன்.

மறுபடி ஞாபகம் வந்த இடம்தான் விசித்திரம். ஸ்காட்லாந்து!

மகள் குடும்பம் அபர்தீனில் இருக்கிறது. 2023 ஜூன் மாதம் அங்கே போயிருந்தபோது மாப்பிள்ளை, "மாமா, பக்கத்துல நடக்கறதுக்குன்னே ஒரு பாதை இருக்கு, ரெண்டு நாள் போய்ட்டு வருவோமா?" என்றார். ஸ்பே என்ற ஆற்றங்கரையை ஒட்டிப் போகும் பாதை. 1981-இல் திறந்தார்கள். இப்போது கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரை 130 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க விஸ்கி காய்ச்சும் ஆலைகள். நாங்கள் கிரெய்கெல்லாக்கி என்ற ஊரிலிருந்து பாலிண்டாலக் வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டரை இரண்டு நாளில் நடந்தோம். காற்றில் மாவு வேகவைத்துப் புளித்தது போன்ற வாடை. பீப்பாய்க் கிடங்குகளின் பக்கத்தில் இருந்த மரங்கள் எல்லாம் கரி பூசினாற்போலக் கறுத்திருந்தன. பீப்பாயிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போகுமாம். அந்த ஆவியைத் தின்று வளரும் ஒரு பூஞ்சணம்தான் அந்தக் கறுப்பு. மரங்கள்கூடக் குடிக்கிற ஊர் என்று மாப்பிள்ளை சிரித்தார். (நான் ஒரு சொட்டும் தொடாதவன். முப்பத்துநாலு வருஷம் கலால் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து, சாராயக்கடை, கள்ளுக்கடை ஏலக் கோப்புகளிலேயே குளித்தவனுக்கு அந்த ஆசை எப்படி வரும்?)

பாதை ஏன் இவ்வளவு சமதளமாக இருக்கிறது என்று கேட்டேன். அது பழைய ரயில் தண்டவாளம் கிடந்த இடமாம். 1863-இல் போட்ட ரயில். 1965-இல் பயணிகள் வண்டி நின்றது, 1968-இல் சரக்கு வண்டியும் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். மேடு அப்படியே இருந்தது. அதில் நடக்கப் பாதை போட்டார்கள். ஆளில்லாத பழைய பிளாட்பாரங்கள் இன்னும் பாதையோரம் நிற்கின்றன. வழி தவறாமலிருக்க முள்செடிப் பூ படம் போட்ட மரக்கம்பங்கள். அபர்லவர் என்ற ஊரில் பழைய ஸ்டேஷன் கட்டடத்திலேயே வழிப்போக்கர்கள் உட்காரலாம்.

அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்த காபியைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றியது. இவர்களுக்கு ரயில் செத்த பிறகு நடைபாதை பிறந்தது. நம் ஊரில் ரயில் பிறந்ததும் நடைபாதை செத்தது. தாத்தா பிறந்த அந்தச் சாலை எங்கே?

ஊர் திரும்பியதும் படிக்க ஆரம்பித்தேன். திருப்புல்லாணி என் மனைவியின் ஊர். ஓய்வு பெற்றபின் இங்கேதான் இருக்கிறோம். டாக்டர் எஸ்.எம். கமால் தொகுத்த சேதுபதி மன்னர் செப்பேடுகள், தஞ்சை மராட்டியர் பற்றிய நூல்கள் என்று தேடிப் படித்ததில் கிடைத்ததைச் சொல்கிறேன்.

சேதுபதி என்ற பட்டமே பாதையைக் காப்பவர் என்ற பொறுப்பைச் சேர்த்துத்தான் வந்தது. 1605 வாக்கில் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர், சடைக்கத் தேவரைச் சேதுநாட்டுக்கு அதிபதியாக அங்கீகரித்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது, ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களைக் கள்ளர் பயமில்லாமல் கொண்டுசேர்ப்பது. அன்று தலைநகரம் போகலூர். கிழவன் சேதுபதி காலத்தில்தான் அது ராமநாதபுரத்துக்கு வந்தது. செப்பேடுகளைப் படித்தால் கோயில், மடம், பள்ளிவாசல், தேவாலயம் என்று எல்லாவற்றுக்கும் நிலம் விட்டிருப்பது தெரியும். சேது வழியில் நடப்பவர்களுக்குச் சோறு போடவென்றே ஊர்களையும் விட்டிருக்கிறார்கள். சாலை என்றால் அவர்களுக்குக் கல்லும் மண்ணும் அல்ல. பத்து மைலுக்கு ஒரு அடுப்பு எரிய வேண்டும், ஒரு கிணற்றில் தண்ணீர் இருக்க வேண்டும். அவ்வளவுதான் சாலை. ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம், அக்காள்மடம் என்று ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன அல்லவா? அதற்கு இங்கே சொல்லும் கதை வாசகர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். விஜயரகுநாத சேதுபதியின் மருமகன், பாம்பனில் படகேறும் யாத்திரிகர்களிடம் மன்னரைக் கேட்காமல் காசு வசூலித்தானாம். சேதுவுக்குப் போகிறவனிடம் காசு வாங்குவது சிவத்துரோகம் என்று மன்னர் அவனுக்கு மரண தண்டனை கொடுத்தார். அவன் மனைவியரான மன்னரின் மகள்கள் இருவரும் தீப்பாய்ந்தார்கள். அவர்கள் நினைவாக இரண்டு மடங்கள். கதையில் எவ்வளவு வரலாறு என்ற விவாதம் இருக்கட்டும். நடக்கிறவனிடம் காசு வாங்கக்கூடாது என்ற எண்ணம் இந்த மண்ணில் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு இந்தக் கதையே சாட்சி. (இன்று பார்க்கிங் கட்டணம் கொடுக்கும்போதெல்லாம் அந்த மருமகனை நினைத்துக்கொள்கிறேன், பாவம்.)

வடக்கே தஞ்சை மராட்டியர் எல்லையில் இந்த வேலையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802-இல் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தை இன்றும் பார்க்கலாம். சுவரில் யானையும் குதிரையும் செதுக்கி, கட்டடமே தேர் போல இருக்கும். ஆனால் எனக்குக் கட்டடத்தைவிட முக்கியமாகப் பட்டது அதற்கு ஒரு வருஷம் முன்னால் அவர் எழுதிய ஒரு கடிதம்.

1799-இல் ராஜ்யம் கம்பெனி கைக்குப் போய்விட்டது. சத்திரங்களும் போய்விடுமோ என்ற கவலையில் சரபோஜி 1801-இல் ரெசிடெண்டாக இருந்த டாரின் துரைக்கு எழுதுகிறார். ராமேசுவரம் சாலையில் இருக்கும் சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். குமாஸ்தா வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கோப்பில் இருக்க வேண்டிய எல்லா விவரமும் அதில் இருக்கிறது. பிராமணர் முதல் பறையர் வரை, எந்தச் சமயத்துப் பரதேசியானாலும், வருகிறவர்களுக்கெல்லாம் சோறு. சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் சாமானும். நடுநிசியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவுவார்கள். நோய்வாய்ப்பட்டவர்களுக்கு வைத்தியரும் மருந்தும் பத்தியச் சாப்பாடும். விஷக்கடிக்கு வைத்தியம். குழந்தைகளுக்குப் பால். அப்பன் ஆத்தாள் வழியில் இறந்துபோய் அநாதையாகும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல், படிப்பு. கர்ப்பிணிகள் வந்தால் அவர்களுக்குத் தனிக் கவனிப்பு. சத்திரத்தில் பிரசவம் ஆனால் செலவு சத்திரத்துடையது. பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதம் வரை அங்கேயே தங்கலாம்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வீடு. தாத்தா சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த கணக்கு. உடம்பு தேறும்வரை கொள்ளுப்பாட்டி தங்கினாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அது அவள் உடம்பின் கணக்கு மட்டுமல்ல போலிருக்கிறது. 1888-இல் ராஜாவும் இல்லை, சத்திரங்கள் வெள்ளைக்கார நிர்வாகத்தில். பழைய தாராளம் முழுக்க இருந்திருக்காது. ஆனாலும் எண்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஒரு கடிதத்தின் வரி, எங்கோ ஒரு மணியக்காரருக்கோ சமையல்காரம்மாவுக்கோ பழக்கமாக மிச்சம் இருந்திருக்கிறது. அந்த மிச்சத்தில் பிறந்தவர் என் தாத்தா. ஆகையால் நானும்.

பெருமையை மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது வரலாறாகாது. இதே சாலையில் சேதுவுக்குப் போகாதவர்களும் நடந்தார்கள். 1830-களுக்குப் பிறகு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டம் கூட்டமாக ஆட்களை இந்தக் கடற்கரைக்கு நடத்தி வந்தார்கள். படகில் மன்னார், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை மறுபடியும் நடை. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பாதையோரம் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். நடுநிசியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் உண்டா என்று கேட்க அந்தக் காட்டில் யார் இருந்தார்கள்? அந்தத் தோட்டங்களின் துரைமார்களில் பெரும்பகுதி ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பது எனக்கு அபர்தீனில்தான் உறைத்தது. 1867-இல் லூல்கந்துரையில் முதன்முதலாகத் தேயிலையைத் தோட்டப் பயிராகப் போட்ட ஜேம்ஸ் டெய்லர், என் மகள் வீட்டிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் உள்ள கின்கார்டின்ஷயரில் பிறந்தவர். அவர் ஊர்க்காரர்கள் இன்று காற்று வாங்க நடக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் அன்று நடந்தது அதற்கல்ல.

சரி, பாதைக்கு என்ன ஆயிற்று? 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தார்கள். தஞ்சாவூர்க்காரனும் காசிக்காரனும் ரயிலேறி நேரே ராமேசுவரத்தில் இறங்க ஆரம்பித்தான். ரயில் போன வழியில் திருப்புல்லாணி இல்லை, உப்பூர் இல்லை, தேவிபட்டினம் இல்லை. பழைய முறைப்படி உப்பூர்ப் பிள்ளையாரிடம் தொடங்கி, தேவிபட்டினத்தில் நவக்கிரகங்களைச் சுற்றி, திருப்புல்லாணியில் சேவித்து, சேதுக்கரையில் முழுகிவிட்டுத்தான் ராமேசுவரம். ரயில் அந்த வரிசையைக் கலைத்துவிட்டது. நடக்க ஆளில்லாத வழியில் அடுப்பு எதற்கு? சத்திரங்கள் பள்ளிக்கூடமாயின, விடுதியாயின, சில இடிந்தன. பெயர்கள் மட்டும் மாறவில்லை. மதுரையிலிருந்து வரும்போது சத்திரக்குடி என்று ஒரு ஸ்டேஷன், கடலுக்கு முன்னால் மண்டபம், கடலுக்கு அப்பால் இரண்டு மடங்கள். ஸ்பே நதிக்கரையில் முள்செடிப் பூக் கம்பம் நட்டிருக்கிறார்கள் என்றேனே, நமக்கு ஊர்ப் பெயர்கள்தான் கம்பம்.

அந்தக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. காரைக்காலிலிருந்து நடக்க என் முழங்கால் சம்மதிக்காது. உப்பூரிலிருந்து சேதுக்கரை வரை, அந்தக் கடைசித் துண்டை மட்டும் நடப்பது என்று 2024 பங்குனியில் முடிவு செய்தேன். பங்குனி அமாவாசையன்று விடியற்காலையில் சேதுக்கரையில் இருக்க வேண்டும் என்று கணக்கு. "இந்த வெயில்ல நடந்து போய் என்னத்தச் சாதிக்கப் போறீங்க?" என்றாள் மனைவி. பதில் சொல்லத் தெரியவில்லை. தம்பியைத் துணைக்கு அனுப்பினாள். மச்சானுக்கு வயது அறுபத்தொன்பது. வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

முதல் நாள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயிலுகந்த பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு இருட்டோடு கிளம்பினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி, திருப்பாலைக்குடியில் டீ குடித்து, பத்து மணிக்கு மேல் நடக்க முடியாமல் ஒரு கருவேல நிழலில் படுத்து, சாயங்காலம் தேவிபட்டினம். பதினேழு கிலோமீட்டருக்கு ஒரு நாள். கொள்ளுப்பாட்டி இதைவிட வேகமாக நடந்திருப்பாள்.

இரண்டாம் நாள், ராமநாதபுரம் வரும் வழியில், தண்ணீர் பாட்டில் காலியாகிவிட்டது. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு பனங்காடு. ஒருவர் மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் பாளை சீவும் அரிவாள், முதுகில் கலயம். "எங்கய்யா இந்த வெயில்ல?" என்றார். சேதுவுக்கு நடந்து போகிறோம் என்றோம். எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். ஓலையை மடித்துப் பட்டை பிடித்துக் கையில் கொடுத்து, பதநீரை வடிகட்டி ஊற்றினார். சில்லென்றிருந்தது. காசு எடுத்தபோது, "மொதப் பட்டைக்கு வேண்டாம்யா. ரெண்டாவதுக்குக் குடுங்க" என்றார். ஆளுக்கு மூன்று பட்டை குடித்தோம். இரண்டுக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் தானாகவே புளித்துக் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு. தமிழ்நாட்டில் 1987 ஜனவரியிலிருந்து கள் குற்றம். நான் வேலை பார்த்த புதுச்சேரி, காரைக்காலில் கள்ளுக்கடையை அரசாங்கமே ஏலம் விடும். அந்த ஏலத் தொகையை நானே கூட்டிப் போட்டிருக்கிறேன். வாஞ்சூர் எல்லையில் ஒரு கோடு. அந்தப் பக்கம் வருமானம், இந்தப் பக்கம் வழக்கு. சுண்ணாம்பு சரியில்லை என்று அவர் மேலும் ஒரு தடவை வழக்குப் போட்டார்களாம். "நாலு நாள் மரம் ஏறல. பாளை வீணாப் போச்சு" என்றார். தம்பி மகன் இதைக் கற்றுக்கொள்ளவில்லை, திருப்பூருக்குப் போய்விட்டான்.

ஸ்காட்லாந்துக்காரனும் இப்படித்தான் இருந்தான். கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு திருட்டு அடுப்பு. 1823-இல் பார்லிமெண்ட் சட்டத்தை மாற்றி, சின்ன ஆட்களும் கட்டக்கூடிய அளவுக்கு லைசென்ஸ் கட்டணத்தைக் குறைத்தது. அடுத்த வருஷமே ஜார்ஜ் ஸ்மித் என்ற விவசாயி லைசென்ஸ் வாங்கினார். கோபம் கொண்ட பக்கத்துக் கள்ளச்சாராயக்காரர்களுக்குப் பயந்து இரண்டு கைத்துப்பாக்கியோடு திரிந்தார். இன்று உலகம் பூராவும் அந்தப் பள்ளத்தாக்கின் பெயரைப் பாட்டிலில் படிக்கிறது. அதைப் பார்க்க வருகிறவன் நடக்கிறான், நடக்கிறவனுக்குச் சோறும் படுக்கையும் கிடைக்கிறது. குடியை வளர்க்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது குடும்பங்களை என்ன செய்யும் என்று கோப்புகளுக்கு வெளியிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் பாட்டிலில் வருவதை அரசாங்கக் கடையில் விற்றுக்கொண்டு, மரத்திலிருந்து இறங்குகிறவரின் கலயத்தை மட்டும் முகர்ந்து பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கிளம்பும்போது அவர், "எங்க அப்பத்தா காலத்துல இந்தப் பக்கம் காசிக்காரங்க நடந்து வருவாங்களாம். மோர் ஊத்துவாங்களாம்" என்றார். இங்கே சத்திரம் ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். தெரியாது என்றார். பிறகு கையை நீட்டி, "அந்தக் கெணத்துக்குச் சத்திரத்துக் கெணறும்பாங்க. கட்டடம் ஒண்ணும் கெடையாது" என்றார். போய்ப் பார்த்தோம். கல் கட்டிய வட்டக் கிணறு, தூர்ந்து கிடந்தது. உள்ளே ஒரு வேம்பு முளைத்து வெளியே எட்டிப் பார்த்தது. மச்சான் முதல் தடவையாக முணுமுணுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். "இதுவா இருக்குமோ?" என்றார். வழிநெடுக இப்படி எத்தனை இருந்திருக்கும்! மீமிசலாக இருக்கலாம், மணமேல்குடியாக இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம் என்றேன்.

மூன்றாம் நாள் ராமநாதபுரத்திலிருந்து சக்கரக்கோட்டைக் கண்மாய் வழியாக வீடு. மனைவி வாசலில் வெந்நீரோடு நின்றாள். காலில் இரண்டு கொப்புளம். நாலாம் நாள் மூன்றரை மணிக்கே எழுந்து, திருப்புல்லாணியிலிருந்து அந்த நாலு கிலோமீட்டரையும் நடந்து முடித்தோம். சேதுக்கரை அனுமார் கோயிலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூட்டம் இன்னும் வரவில்லை. மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஈரத்தோடு உட்கார்ந்தேன்.

அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்களை வாத்தியார் வரிசையாகக் கேட்டார். சொன்னேன். கொள்ளுத்தாத்தாவுக்குத் திதி கேட்டார். தெரியாது, சித்திரை மாதம், வாந்திபேதி என்றேன். "எந்த ஊர்ல தவறினார்?"

"சேது வழியிலே" என்றேன்.

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. தர்ப்பையை என் விரலில் மாட்டி, கையில் எள்ளைப் போட்டார்.